வாசகர் கேள்வி–பதில்: தண்ணீருக்குப் போகும் முன்பே அள்ளுங்கள்

சென்ற இதழில், மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலிருந்து பெயின்ட் தூளும், எஞ்சினில் ஓடித் தேய்ந்த கருப்பு ஆயிலும் எப்படிக் கடலுக்குள் போகின்றன என்று எழுதியிருந்தேன். காசிமேட்டில் நெடுங்காலம் படகு எஞ்சின் வேலையும் அடிப்பகுதி பெயின்ட் வேலையும் பார்த்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்பியவன் நான். அந்த வேலையின் உள்ளும் புறமும் தெரியும். கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், கடலோரத்துக்காரர்களைவிட நம் பக்கத்துக்காரர்கள் எழுதியவையே அதிகம். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி: ஐயா, தோல் கழிவுநீரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதோடு வைத்துப் பார்த்தால் ஒரு படகுக்கு அடிக்கும் பெயின்ட் எம்மாத்திரம்? அதைப் போய் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறீர்களே?

நியாயமான கேள்வி, அம்மா. அளவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் பெயின்ட் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி இல்லை. சுவர்ப் பெயின்ட் சுவரைக் காப்பாற்ற மட்டும்தான். இது உயிரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது.

கடல்நீரில் எதைப் போட்டு வைத்தாலும் சில வாரங்களில் வழவழப்பாகப் பாசி படியும். அதன்மேல் ஒட்டுச் சிப்பிகள் வந்து கல் மாதிரி இறுகிவிடும். அடிப்பகுதி சொரசொரப்பானால் படகு மெதுவாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதைத் தடுக்கத்தான் நஞ்சு கலந்த பெயின்ட். அந்த நஞ்சு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் சிப்பி ஒட்டாது. இன்று பெரும்பாலும் தாமிர ஆக்சைடு சேர்க்கிறார்கள். துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருக்கும் படகுகளின் அடியில் நீங்கள் பார்க்கும் செங்கல் சிவப்பு பெரும்பாலும் அதனால் வருவதுதான்.

தாமிரத்துக்கு முன்னால் இன்னும் மோசமான ஒன்று இருந்தது. டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம். டி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சிப்பி ஒட்டாமல் தடுப்பதில் அதற்கு இணை இல்லை. 1970களில் பிரான்சில் ஆர்க்கஷோன் விரிகுடாவில் உணவுக்காகச் சிப்பி வளர்ப்பவர்களின் தொழில் ஏறக்குறைய படுத்தேவிட்டது. சிப்பிகளின் ஓடு கன்னாபின்னாவென்று தடித்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. காரணம் தேடிப் போனால், பக்கத்தில் நிறுத்தியிருந்த உல்லாசப் படகுகளின் பெயின்ட். 1982இல் சிறிய படகுகளுக்கு அதை அடிக்கக் கூடாதென்று பிரான்ஸ் தடை போட்டது. ஒருவகைக் கடல் நத்தைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்ததும் இதே நஞ்சால்தான். தண்ணீரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு கலந்திருந்தாலே அந்த மாற்றம் தொடங்கிவிடும் என்று கண்டறிந்தார்கள். 2001இல் இதைத் தடுப்பதற்கென்றே ஒரு சர்வதேச ஒப்பந்தம் போடப்பட்டு, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இப்போது பட்டறைக்கு வருவோம். கடலில் ஓடும் படகிலிருந்து கசியும் நஞ்சு பரந்த நீரில் பரவிப் போகிறது. பட்டறையில் அப்படியில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் கரையேறும். பழைய பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் சுரண்டிப் போடுவார்கள். பட்டறைத் தரை முழுக்கச் சிவப்புத் தூளாகக் கிடக்கும். மே மாதத்தில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், செந்நிறமாக ஓடி அலையில்லாத துறைமுகத் தண்ணீரில் இறங்கும். அங்கே அடித்துக்கொண்டு போக ஓட்டம் கிடையாது. அப்படியே சேற்றில் படியும். மழைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் துடைப்பமும் முறமும் எடுத்துப் பெருக்கிச் சாக்கில் அள்ளியிருந்தால் அது அங்கே போயிருக்காது. நான் எழுதியது அந்தத் துடைப்பத்துக்காகத்தான்.

ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டு ஒரு தம்பி: நம் மாவட்டத்துப் பக்கம் ஓர் ஏரியில் படகுகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஃபைபர் மிதி படகுகளைக் கரையிலேயே கவிழ்த்துப் போட்டு, பாசியைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடிப்போம். கடல் படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்தால் பாசியே பிடிக்காது என்று ஒருவர் சொல்கிறார். விலை அதிகம். வாங்கலாமா அண்ணா?

வாங்காதே தம்பி. விலைக்காகச் சொல்லவில்லை, சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

கடலில் அந்தப் பெயின்டுக்கு எதிரி ஒட்டுச் சிப்பி. அது உப்புத் தண்ணீர்ப் பிராணி, உன் ஏரியில் வராது. உனக்கு வருவது வெறும் பச்சைப் பாசி. ஈரச் சாக்கும் நார் பிரஷும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். அதற்கு நஞ்சு எதற்கு? தாமிரம் என்ன செய்யும் என்று உன் ஊர் விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகப் பூஞ்சணத்துக்கு அடிக்கிறார்களே, அதில் வேலை செய்வது தாமிரம்தான். உப்பும் சுண்ணமும் குறைந்த மென்நீரில் அதன் நஞ்சு மீனுக்கும் நத்தைக்கும் இன்னும் கடுமையாகப் படும். மழையை நம்பி நிற்கும் மலைப்பக்க ஏரிகளில் பெரும்பாலும் அப்படிப்பட்ட தண்ணீர்தான் இருக்கும். கடலுக்காவது ஓதமும் ஓட்டமும் உண்டு. ஏரியில் போட்டது அடிச்சேற்றில் தங்கி, வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும்.

நல்ல ஃபைபர் படகுக்கு அடியில் பெயின்டே தேவையில்லை. மேலே இருக்கும் வழவழப்பான ஜெல்கோட் பூச்சு கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கூட்டம் குறைந்த நாட்களில் படகுகளை முறை வைத்து மேலேற்றிக் காயவிடு. வெயிலில் காய்ந்த பாசி கையால் தட்டினாலே உதிரும். மெழுகு பாலிஷ் ஒரு கை போட்டு வைத்தால் அடுத்த முறை இன்னும் சுலபமாக உதிரும்.

அழகுக்காகவோ பழைய பூச்சு விட்டுப்போனதாலோ பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் இடத்தை மாற்று. கரையில் கவிழ்த்துப் போட்டு வேலை செய்கிறோம் என்று எழுதியிருக்கிறாயே, என் மனதை உறுத்தியது அதுதான். ஏரிக்குத் தண்ணீர் வரும் சரிவில் நீங்கள் உப்புத்தாள் தேய்த்தால், அடுத்த மழையில் அத்தனையும் ஏரிக்குத்தான். கரையைத் தாண்டி, ஏரிப் பக்கம் வாட்டமில்லாத மேட்டில், முடிந்தால் சிமென்ட் தரையில் வேலை செய்யுங்கள். சிமென்ட் தரை இல்லையென்றால் கிழிசல் இல்லாத தார்ப்பாய். தார்ப்பாய் படகைவிட எல்லாப் பக்கமும் நாலடியாவது கூடுதலாக விரிய வேண்டும், ஓரங்களைச் செங்கல் வைத்துத் தூக்கிவிட வேண்டும். காற்று எழும் முன் காலையிலேயே தேய்த்து முடித்துவிடுங்கள். தூளை உடனே பெருக்கிச் சாக்கில் கட்டிவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். சாக்கு கட்டாமல் யாரையும் சாப்பிட விடமாட்டார். அப்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் பார்த்த படகுகளுக்குக் கீழேதான் மணல் மணலாகவே இருந்தது.

ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ரோலர் போதும். ஸ்ப்ரேயில் படகில் ஒட்டாமல் காற்றோடு போவது நிறைய. ஓட்டை அடைக்க ரெசின் கலப்பதாக இருந்தால் கொட்டகைக்குள் கலந்து, தேவையான அளவு மட்டும் கரைக்குக் கொண்டு போங்கள். மிஞ்சியதை அந்த டப்பாவிலேயே கல்லாக இறுக விடு. இறுகாத ரெசினைக் கொட்டினால் அது தண்ணீரில் கலக்கும். இன்னொன்று, இது உன் உயிர் சம்பந்தப்பட்டது. ரெசினைக் கடினமாக்கும் ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதே, வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் அடுத்தது.

பிரஷ் கழுவிய தின்னரைக் கரையில் வீசுவது எல்லா இடத்திலும் இருக்கும் பழக்கம். ஒரு மூடி போட்ட டப்பாவில் ஊற்றி வை. இரண்டு மூன்று நாளில் பெயின்ட் அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கும். அதையே மறுபடி பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம். காசும் மிச்சம்.

வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு லாரி பட்டறைக்காரர்: படகுப் பட்டறை என்று நீங்கள் எழுதிய இடத்திலெல்லாம் என் பட்டறைதான் கண்ணுக்குத் தெரிந்தது. சென்னை–பெங்களூரு சாலையோரம் பட்டறையும் வாட்டர் சர்வீஸும் வைத்திருக்கிறேன். கழுவிய தண்ணீர் ரோட்டுக் கால்வாயில் போகிறது. மழை பெய்தால் அது எங்கே போகும் என்று எனக்கும் தெரியும். பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஐயா, இப்படி ஒரு கடிதம் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். வாலாஜாவுக்குப் பக்கத்தில்தான் 1858இல் கட்டிய பாலாற்று அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து கால்வாய் வழியாகத்தான் ஏரிகளுக்குத் தண்ணீர் போகிறது. உங்கள் பட்டறைக் கால்வாயில் இறங்குவது ஏதோ ஓர் ஏரியில், ஏதோ ஒரு கழனியில் போய் நிற்கும். பாலாறு வருடத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடப்பதால் அதில் எதைக் கொட்டினாலும் ஒன்றுமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வறண்டு தெரிவது மேல்மணல்தான். அந்த மணலுக்குள் ஓடும் ஊற்றிலிருந்துதான் நம் ஊர்கள் பலவும் தண்ணீர் குடித்து வந்திருக்கின்றன. 2021 நவம்பரில் ஆறு இருகரையும் தொட்டுப் போனதைப் பார்த்தீர்கள். வருடக்கணக்கில் கரையில் சேர்ந்ததெல்லாம் ஒரே நாளில் கிளம்பிப் போவதும் அப்படித்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் மின்னும் ஆயில் படலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் ஆயில் 1,000 சதுர மீட்டர் தண்ணீரை மூடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 25 சென்ட். ஒரு லாரி எஞ்சினிலிருந்து ஒரு முறை இறக்கும் ஆயில் பத்து லிட்டருக்குக் குறையாது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டரை ஏக்கர் ஏரிக்கு அது போதும்.

செலவே இல்லாத வேலையை முதலில் சொல்கிறேன். கழுவுவதற்கு முன் சுரண்டுங்கள். ஷாக்கிலும் ஆக்சிலிலும் ஒட்டியிருக்கும் கிரீஸையும் மண்ணையும் தகட்டால் சுரண்டி டின்னில் போட்டுவிட்டுப் பிறகு பம்பைத் திருப்புங்கள். காய்ந்த நிலையில் அள்ளினால் அது ஒரு டின் குப்பை. பம்ப் அடித்துவிட்டால் அதுவே ஆயிரம் லிட்டர் சாக்கடை. தரையில் ஆயில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ கொட்டி, ஊறியதும் அள்ளுங்கள். ஆயில் இறக்கும் இடத்துக்கு மேலே தகரக் கூரை இருக்கட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தரையில் படாமலிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது தொட்டி. மூன்று அறைகள். ஹாலோ பிளாக் வைத்துக் கட்டி உள்ளே சிமென்ட் பூசினால் போதும், உங்கள் ஊர்க் கொத்தனாரே கட்டிவிடுவார். தண்ணீர் முதல் அறையில் விழட்டும். மணலும் சேறும் அங்கே அடியில் தங்கும். தடுப்புச் சுவரின் மேல் வழியாக வழிந்து இரண்டாவது அறைக்கு வரட்டும். அங்கே தண்ணீர் நிதானமாக நிற்க வேண்டும், ஆயில் மேலே மிதக்க வேண்டும். சூட்சுமம் எல்லாம் இரண்டாவது அறையிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் குழாயில்தான். பி.வி.சி. எல்போ போட்டுக் குழாயின் வாய் கீழ்நோக்கி, தொட்டியின் அடிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அப்போது அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான் அடுத்த அறைக்குப் போகும், மேலே மிதக்கும் ஆயில் அங்கேயே நிற்கும். மூன்றாவது அறையிலிருந்து வெளியேறும் குழாய்க்கும் அதே எல்போ. தொட்டி பெரிதாக இருக்க இருக்க நல்லது. தண்ணீர் அரை மணி நேரமாவது நிற்காமல் ஆயில் பிரியாது. காசிமேட்டில் படகின் அடித்தட்டில் தேங்கும் ஆயில் கலந்த தண்ணீருக்கு இதையே பழைய பீப்பாய்கள் வைத்துச் செய்வோம். பெரிய கப்பல்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 மில்லிகிராம் அளவுக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக் கூடாது என்று சர்வதேச விதியே உண்டு. அதற்கு இயந்திரம் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டி அந்த அளவுக்குச் சுத்தம் செய்யாது. ஆனால் மேலே மிதக்கும் அத்தனையும் நின்றுவிடும்.

தொட்டி கட்டுவதைவிட வாராவாரம் வழித்தெடுப்பதுதான் கஷ்டம். கட்டிவிட்டு மறந்த தொட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நிரம்பிய தொட்டி எதையும் நிறுத்தாது, ஆயில் போக வெறும் வழிதான். சனிக்கிழமை சம்பளம் கொடுப்பதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு ஆயிலை சென்ட்ரிங் பலகைக்கும் செங்கல் சூளைக்கும் வாங்கிப் போகிறார்கள், சிலர் கரையானுக்கு மரத்தில் பூசவும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். எஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயிலில் ஈயமும் துத்தநாகமும் இன்னும் பல உலோகங்களும் கலந்திருக்கும். பூசினால் மண்ணுக்குப் போகும், எரித்தால் மூச்சுக்குப் போகும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டால் யார் யார் அனுமதி பெற்றவர்கள் என்று தெரியும். நீங்களும் சாலையோரத்தில் பத்துப் பட்டறைக்காரர்களும் சேர்ந்து ஒரே இடத்தில் பேரல் வைத்தால் வண்டி உங்களைத் தேடி வரும். அதில் கூலன்ட், பெட்ரோல், தின்னர், தண்ணீர் எதையும் கலக்காதீர்கள். கலந்த ஆயிலை யாரும் வாங்கமாட்டார்கள், பிறகு அது எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். பழைய ஆயில் ஃபில்டரைத் தலைகீழாக ஒரு நாள் வடியவிட்டுக் காயலான் கடைக்குக் கொடுங்கள். பேட்டரியை உடைக்கவே கூடாது, புதிது வாங்கும் கடையிலேயே பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: சோப்புத்தூள் போட்டால் தண்ணீரில் ஆயில் காணாமல் போய்விடுகிறதே, அது போதாதா?

போதாது. காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சோப்பு ஆயிலைத் துளித் துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் கரைத்துவிடுகிறது. மேலே மிதந்தால் அள்ளலாம், தொட்டியில் நிறுத்தலாம். கரைந்த பிறகு எந்தத் தொட்டியிலும் நிற்காது, நேராக மீனின் செவுளுக்குப் போகும். படகுக்காரர்களில் சிலர் அடித்தட்டுத் தண்ணீரில் சோப்பு போட்டுவிட்டுத்தான் வெளியே இறைப்பார்கள், மேலே பளபளப்பு தெரியாமலிருக்க. அதைவிட, எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பஞ்சு அட்டைகளை எஞ்சினுக்குக் கீழே போட்டு வைத்தால், இறைப்பதற்கு முன்பே ஆயில் அதில் ஏறிவிடும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். கொட்டிய கறுப்பு எண்ணெயை மீனவர்களும் இளைஞர்களும் நாள்கணக்கில் வாளியால் அள்ளினார்கள். எத்தனை இயந்திரங்கள் வந்தாலும் கடைசியில் பிளாஸ்டிக் வாளிதான். தண்ணீரில் இறங்கிய எண்ணெயை எடுப்பது அவ்வளவு பாடு.

காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு மீன்பிடிப்பவர்: ஏரியில் பரிசல் விடுகிறோம். அடியில் தார் பூசுவோம். தாரை இளக்க, கருப்பு ஆயில் கொஞ்சம் சேர்ப்பது உண்டு. தப்பா?

தார் பூசுவது தப்பில்லை ஐயா, ஆயில் சேர்ப்பதுதான் கூடாது. ரோடு போடும் தார் நன்றாக இறுகியபின் அதிகம் கரையாது. ஆயில் கலந்தால் அது என்றைக்கும் முழுதாக இறுகாது, ஏரியில் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் பிடிக்கும் மீனிலேயே அந்த வாடை ஏறலாம். தாரை இளக்கச் சூடே போதும். கரையிலிருந்து தள்ளி அடுப்பு மூட்டுங்கள், பூசிய பரிசலைக் கையில் ஒட்டாத அளவுக்கு வெயிலில் காயவிட்டு இறக்குங்கள். நிலக்கரித் தார் என்று தனியாக ஒன்று உண்டு, மூக்கில் ஏறும் நெடி அடிக்கும். அதைத் தொடவே வேண்டாம், அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன.

ஆற்காட்டிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் கடலோரத்தில் ஒரு படகுப் பட்டறையில் தேய்க்கும் வேலைக்குப் போகிறார். மாதம் ஒருமுறை வருவார். துணியெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகத் தூள். இருமல் நிற்கவில்லை. என்ன செய்ய?

முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், தங்கச்சி. என்ன வேலை, என்ன தூள் என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த இருமலுக்குக் கடையில் கேட்டு மருந்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். வெள்ளைத் தூள் பெரும்பாலும் கண்ணாடி இழையும் ரெசினும். சிவப்பு, தாமிரப் பெயின்ட். இரும்புப் படகை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் இடமென்றால் ஆபத்து இன்னும் அதிகம், அந்த மணல் தூள் நுரையீரலில் தங்கிவிடும். திரும்ப எடுக்க வழியில்லை.

முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. என்-95 போன்ற இறுக்கமான முகமூடி வேண்டும். ரெசின், தின்னர் வாடைக்கு அதுவும் போதாது, கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பட்டறைக்காரர் வாங்கித் தர வேண்டிய சாமான் அது, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தூளை உறிஞ்சும் மெஷினோடு இணைத்த சாண்டர் இருந்தால் பெரும்பகுதி காற்றுக்கே வராது. தண்ணீரைக் காப்பாற்றும் ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அது வேலைக்காரரின் நெஞ்சையும் சேர்த்துக் காப்பாற்றும். பட்டறை முதலாளிகளிடம் நான் எப்போதும் இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன்.

அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். வேலைத் துணியைப் பட்டறையிலேயே மாற்றிக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பட்டறை, ஆயில் தண்ணீரை நேராக ஏரிக்கால்வாயில் விடுகிறது. சட்டம் இருக்கிறதா? யாரிடம் சொல்வது?

இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம், 24ஆவது பிரிவு. ஓடையிலோ கிணற்றிலோ மாசுப் பொருளைத் தெரிந்தே விடுவதை அது தடை செய்கிறது. நீ வேலூர்க்காரி என்பதால் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும், கெடுதல் வரும் என்று முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் ஆறு கெட்டாலும் வக்கீல்கள் நம் ஊர் வழக்கைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் கெட்ட நிலம் திரும்பவில்லை, அம்மா. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் ஒரு சின்னப் பட்டறைக் கால்வாயைப் பற்றி நீ எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போது அது ஒரு தொட்டியில் முடிகிற விஷயம்.

முதலில் அந்தப் பட்டறைக்காரரிடம் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பேசு. மேலே வாலாஜாக்காரருக்கு எழுதிய தொட்டி விவரத்தை வெட்டி எடுத்துப் போ. பலர் தெரியாமல்தான் செய்கிறார்கள், செலவுக் கணக்கைச் சொன்னால் கேட்பார்கள். கேட்கவில்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடு, ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். தேதி, நேரம், தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது, எந்த இடத்தில் கால்வாயில் விழுகிறது என்று எழுது. மழை இல்லாத நாளில் எடுத்த படமும் மழை நாளில் எடுத்த படமும் சேர்த்து வை. தெருவில் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் நீ தனியாக நிற்க வேண்டியதில்லை. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள், முப்பது நாளில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுது.